வீட்டு சோலார்: லேபிளில் உள்ள எண்ணும் மோசமான நாளின் எண்ணும்

கூரையில் 3 கிலோவாட் பேனல். நடுப்பகல், வெயில் கொளுத்துகிறது. லைனில் கரண்ட் போன அதே நொடியில் வீட்டு ஃபேனும் நின்றுவிடுகிறது. இன்னொரு வீட்டில் பேட்டரி வைத்த சோலார். கணக்குப்படி விடியும்வரை ஓட வேண்டியது, இரவு பத்து மணிக்கே அலாரம் அடிக்கிறது. மூன்றாவது வீட்டில் ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய சார்ஜ் கன்ட்ரோலர் (பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) குளிர்காலத்தின் முதல் காலையில் எரிந்துபோகிறது.

மூன்று வீட்டிலும் வாங்கிய பொருள் தரமானதாகவே இருக்கலாம். முதல் வீட்டில் தவறிப்போனது வகைத் தேர்வு. மற்ற இரண்டில் தவறியது கணக்கு. ஒவ்வொரு பாகத்தின் மேலும் ஒட்டியிருக்கும் எண், ஆய்வுக்கூடத்தில் வசதியான சூழலில் அளந்தது. வீட்டில் அந்தப் பாகம் தாங்க வேண்டியதோ அதற்கு வரக்கூடிய மிக மோசமான நாளை. அந்த நாள் பாகத்துக்குப் பாகம் வேறு. பேனல் எத்தனை என்பதை மேகம் மூடிய மாதம் முடிவு செய்கிறது. பேனல்களை எப்படிக் கோப்பது என்பதைக் குளிர்ந்த விடியல் முடிவு செய்கிறது. இன்வெர்ட்டரின் அளவு மோட்டார் கிளம்பும் அரை நொடியில் இருக்கிறது, ஃபியூஸின் வகை ஷார்ட் சர்க்யூட்டில். சொந்தமாகத் திட்டமிடுகிறவர் இந்த வரிசையில் யோசித்தால் பெரும்பாலான விபத்துகளும் ஏமாற்றங்களும் காகிதத்திலேயே பிடிபட்டுவிடும்.

## வாட், வாட்-மணி

வாட் என்பது வேகம். ஒரு கருவி இந்த நொடியில் எவ்வளவு இழுக்கிறது என்பது. வாட்-மணி என்பது அளவு. மொத்தம் எவ்வளவு தீர்ந்தது என்பது. 1,000 வாட்-மணிதான் மின்கட்டண அட்டையில் வரும் 1 யூனிட். இன்வெர்ட்டரையும் ஒயரையும் வாட்டில் கணக்கிட வேண்டும். பேட்டரிக்கும் பேனலுக்கும் வாட்-மணியில். “5 கிலோவாட் பேட்டரி” என்று யாராவது சொன்னால் எதைச் சொல்கிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். 5 கிலோவாட் வேகத்தில் கொடுக்கும் பேட்டரியும், 5 கிலோவாட்-மணி கொள்ளும் பேட்டரியும் வேறு வேறு.

## லைன் போனதும் சோலாரும் ஏன் நிற்கிறது?

1. லைனோடு இணைந்த அமைப்பு. பேட்டரி கிடையாது. பேனல் மின்சாரம் வீட்டுக்குப் போய், மிச்சம் பொது லைனுக்குப் போகும். லைனில் வரும் அலையைப் பார்த்துத்தான் இந்த இன்வெர்ட்டர் தன் அலையை அமைத்துக்கொள்கிறது. லைன் செத்தால் இதுவும் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால், “கரண்ட் இல்லை” என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் கையில் உங்கள் வீட்டு மின்சாரம் பாயும்.
2. தனித்து இயங்கும் அமைப்பு. பேனல், சார்ஜ் கன்ட்ரோலர், பேட்டரி, இன்வெர்ட்டர். லைனோடு தொடர்பே இல்லை. சொந்தமாகச் செய்பவர் முழுதாகப் புரிந்துகொண்டு கட்டக்கூடியது இதுதான்.
3. ஹைப்ரிட். இரண்டும் சேர்ந்தது. லைன் போனால் உள்ளேயிருக்கும் சுவிட்ச் வீட்டை லைனிலிருந்து பிரித்துவிட்டு, பேட்டரியில் ஓட்டும்.

முதலாவதையும் மூன்றாவதையும் லைனோடு இணைக்க மின் வழங்குநரின் அனுமதியும், தகுதி பெற்ற எலெக்ட்ரீஷியனின் கையும் பொதுவாகத் தேவை. கீழே வரும் கணக்கு இரண்டாவது வகைக்கு. மற்ற இரண்டுக்கும் அதே அடிப்படைதான்.

## வீட்டின் பசியை முதலில் அளக்க வேண்டும்

பேனல் விலையிலிருந்து தொடங்கும் திட்டம் பெரும்பாலும் தவறாகவே முடியும். கருவிகளிலிருந்து தொடங்குங்கள். பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்று போதும். ஃபிரிட்ஜ் போல விட்டுவிட்டு ஓடுவதை 24 மணி நேரம் மாட்டிவைத்து அளக்க வேண்டும். அதன் லேபிளைப் பார்த்துப் பெருக்கினால் எண் பொய்யாகும். ஒரு சிறிய வீட்டின் கணக்கு, உதாரணத்துக்கு:

1. எல்இடி விளக்கு: 6 × 9 வாட் × 5 மணி = 270 வாட்-மணி
2. பிஎல்டிசி ஃபேன் (மின்சாரம் குறைவாக இழுக்கும் வகை): 3 × 35 வாட் × 12 மணி = 1,260
3. ஃபிரிட்ஜ், 24 மணி நேரம் அளந்தது = 1,000
4. டிவி: 80 வாட் × 4 மணி = 320
5. லேப்டாப்: 60 வாட் × 5 மணி = 300
6. வைஃபை ரூட்டர்: 10 வாட் × 24 மணி = 240

கூட்டினால் 3,390. பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஏழாவதாக ஒன்று இருக்கிறது: இன்வெர்ட்டர். எதுவும் ஓடாத நள்ளிரவிலும் அது தனக்காக 30 வாட் தின்றால், ஒரு நாளுக்கு 720 வாட்-மணி. ஆக மொத்தம் 4,110. ஆறில் ஒரு பங்குக்கும் மேல் இன்வெர்ட்டருக்கே போகிறது. பத்து மணிக்கு அலாரம் அடித்த வீட்டில் விட்டுப்போனது பெரும்பாலும் இந்த ஏழாவது வரிதான்.

இதே பட்டியலில் சாதாரண 75 வாட் ஃபேன் மூன்று இருந்தால் அவை மட்டும் 2,700 ஆகும், அதாவது 1,440 கூடுதல். கீழே வரும் கணக்கில் அதை ஈடுகட்ட ஒரு 450 வாட் பேனலுக்கும் மேல் வேண்டும். பேட்டரியும் அதற்கேற்பப் பெருக வேண்டும். சோலார் போடும் வீட்டில் முதல் செலவு ஃபேனை மாற்றுவதாக இருக்கட்டும்.

## எத்தனை பேனல்?

பேனலில் 450 வாட் என்று இருந்தால், ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி விழும்போது, செல்லின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது 450 வாட் தரும் என்று பொருள். அவ்வளவு ஒளி விழும் நேரத்தில் செல் 25 டிகிரியில் இருப்பது அபூர்வம். 60 டிகிரிக்குப் போவது சாதாரணம். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.35 சதவீதம் குறைகிறது என்றால், 35 டிகிரி கூடுதலுக்கு 12 சதவீதம் போய்விடும். 450 என்பது 395 ஆகிவிடும். இது பேனலின் குறை அல்ல, சிலிக்கானின் இயல்பு. பேனலுக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டுக் காற்றோட்டம் கொடுத்தால் இந்த இழப்பு குறையும்.

இதோடு தூசி, ஒயர், கன்ட்ரோலர், பேட்டரி, இன்வெர்ட்டர் என ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக்கொள்ளும். எல்லாவற்றையும் பெருக்கினால் பேனல் லேபிளின்படி வர வேண்டியதில் சுமார் 70 சதவீதம் கருவிக்குப் போய்ச்சேரும். 4,110-ஐ 0.7-ஆல் வகுத்தால் 5,871 வாட்-மணி. பேனல்கள் ஒரு நாளில் தர வேண்டியது இவ்வளவு.

அடுத்தது உச்ச வெயில் மணி. நாள் முழுக்க விழும் ஒளியைத் திரட்டி, 1,000 வாட் ஒளியில் எத்தனை மணிக்குச் சமம் என்று சொல்வது. பன்னிரண்டு மணி நேரம் பகல் இருந்தாலும் இந்த எண் நான்கு, ஐந்தைச் சுற்றியே இருக்கும். உலக வங்கியின் குளோபல் சோலார் அட்லஸ், ஐரோப்பிய ஆணையத்தின் பிவிஜிஐஎஸ் ஆகிய இரண்டு இலவச தளங்களில் கூரை இருக்கும் இடத்தைக் குறித்தால் மாதவாரியாகக் கிடைக்கும்.

அதில் ஆண்டுச் சராசரியை எடுத்துக்கொள்ளக் கூடாது. சராசரி 4.5, மோசமான மாதம் 3.5 என்று வைத்துக்கொள்வோம். சராசரிப்படி 5,871 ÷ 4.5 = 1,305 வாட்; மூன்று பேனலில் முடிந்துவிடும். ஆனால் மோசமான மாதத்தில் அந்த மூன்றும் 1,350 × 3.5 × 0.7 = சுமார் 3,300 வாட்-மணிதான் தரும். ஒவ்வொரு நாளும் 800 குறை. அந்த மாதம் முழுக்க பேட்டரி ஒரு நாள்கூட நிரம்பாது. ஈய-அமில பேட்டரியாக இருந்தால் நிரம்பாமல் கிடக்கும் நாள்களில் அதன் தகடுகளில் ஈய சல்பேட் படிகமாக இறுகும். பிறகு வெயில் வந்தாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. பேட்டரி மேல் பழி விழும், குறை பேனல் எண்ணிக்கையில் இருக்கும். மோசமான மாதப்படி 5,871 ÷ 3.5 = 1,677. ஆகவே நான்கு பேனல், 1,800 வாட்.

## தொடரா, பக்கமா?

கன்ட்ரோலர்கள் எரிவது இந்தக் கட்டத்தில்தான். நம் உதாரணப் பேனலின் பின்புறத் தாளில் இப்படி இருக்கிறது: திறந்த சுற்று வோல்டேஜ் (எதற்கும் மின்சாரம் கொடுக்காதபோது இருப்பது) 49.5, வேலை செய்யும்போது 41.5 வோல்ட், 10.85 ஆம்பியர். தொடர் இணைப்பில் வோல்டேஜ் கூடும், கரண்ட் மாறாது. பக்க இணைப்பில் கரண்ட் கூடும், வோல்டேஜ் மாறாது. கன்ட்ரோலர் தாங்கும் உச்சம் 150 வோல்ட்.

மூன்றைத் தொடராகக் கோத்தால் 49.5 × 3 = 148.5. 150-க்குள் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்த 49.5 என்பது 25 டிகிரியில் அளந்தது. குளிரக் குளிர பேனலின் வோல்டேஜ் ஏறும், டிகிரிக்கு 0.27 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். விடியலில் 5 டிகிரி என்றால் 20 டிகிரி வித்தியாசத்துக்கு 5.4 சதவீதம் கூடி, ஒரு பேனல் 52.2 வோல்ட் ஆகிறது. மூன்றும் சேர்ந்து 156.5. கன்ட்ரோலரின் உள்ளேயிருக்கும் டிரான்சிஸ்டர்கள் அதைத் தாங்காது.

“விடியலில் வெயிலே இல்லையே” என்ற கேள்வி நியாயமானது. ஒளி குறைந்தால் கரண்ட்தான் அதே விகிதத்தில் குறையும். வோல்டேஜ் அப்படி இறங்காது. மங்கிய வெளிச்சத்திலேயே அது கிட்டத்தட்ட முழு அளவை எட்டிவிடும். கன்ட்ரோலர் இன்னும் இழுக்கத் தொடங்காத அந்த நேரத்தில் முழுத் திறந்த வோல்டேஜும் அதன் வாசலில் நிற்கிறது. இந்த எல்லையை ஒரு முறை தாண்டினாலே சேதம்தான். உத்தரவாதமும் பொதுவாக இதற்குப் பொருந்தாது.

கீழ் எல்லையும் ஒன்று உண்டு. எம்பிபிடி கன்ட்ரோலருக்கு (பேனல் தரக்கூடிய உச்ச வாட்டைத் தேடிப் பிடிக்கும் வகை) பேனல் வோல்டேஜ் பேட்டரி வோல்டேஜைவிட அதிகமாக இருக்க வேண்டும். கோடையில் செல் 65 டிகிரிக்குப் போனால் 41.5 என்பது சுமார் 35.7-க்கு இறங்கும். 48 வோல்ட் வகை பேட்டரியை ஒற்றைப் பேனலால் சார்ஜ் செய்ய முடியாது. இரண்டு தொடராக இருந்தால் கோடையில் 71, குளிரில் 104. இரு எல்லைக்கும் நடுவில் நிம்மதியாக இருக்கிறது. ஆகவே இரண்டு இரண்டாகத் தொடர், அந்த இரு ஜோடிகளும் பக்க இணைப்பு. 48 வோல்ட் வகை லித்தியம் பேட்டரியின் லேபிளில் 51.2 வோல்ட் இருக்கும்; ஆகவே பேட்டரிப் பக்கம் வரும் கரண்ட் 1,800 ÷ 51.2 = 35 ஆம்பியர். 40 ஆம்பியர் கன்ட்ரோலர் பொருந்தும்.

வேறு வேறு வாட் பேனல்களை ஒரே தொடரில் கோக்காதீர்கள். கரண்ட் குறைந்த பேனல் மற்றதையும் தன் அளவுக்கு இறக்கிவிடும். நிழலும் இதையேதான் செய்கிறது: ஒரு பேனலுக்குள் செல்கள் தொடராக இருப்பதால், கீழ் ஓரத்தில் விழும் கைப்பிடிச் சுவரின் மெல்லிய நிழல்கூட அந்தப் பரப்புக்குச் சம்பந்தமில்லாத அளவு இழப்பைத் தரும்.

## பேட்டரி: எதை வாங்கினாலும் முழுதாகப் பயன்படாது

ஒரு நாள் வெயிலே இல்லாமல் தாங்க வேண்டும் என்பது இலக்கு. இன்வெர்ட்டர் இழப்பைச் சேர்த்தால் 4,110 ÷ 0.92 = 4,467 வாட்-மணி பேட்டரியிலிருந்து வெளியே வர வேண்டும்.

1. ஈய-அமிலம். பாதிக்கு மேல் வடிய விட்டால் ஆயுள் வேகமாகக் குறையும். ஆகவே 4,467 ÷ 0.5 = 8,935. நான்கு 12 வோல்ட் 200 ஆம்பியர்-மணி பேட்டரி தொடராக, 9,600 வாட்-மணி.
2. லித்தியம் அயர்ன் பாஸ்பேட். 80 சதவீதம் வரை எடுக்கலாம். 4,467 ÷ 0.8 = 5,584. கடையில் கிடைக்கும் 51.2 வோல்ட் 100 ஆம்பியர்-மணி என்பது 5,120, சற்றுக் குறைவு. மேகம் மூடிய நாளிலும் பேனல் கொஞ்சமாவது தரும் என்பதால் பெரும்பாலான வீட்டுக்கு இது சரியாகிவிடும்.

ஈய-அமிலத்தின் கொள்ளளவை சார்ஜ் வேகத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பல தயாரிப்பாளர்கள் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கைச் சொல்வார்கள். 200-க்கு 20 ஆம்பியர். நம் பேனல்கள் 35 தருவதால், பேட்டரித் தாளில் உள்ள உச்சத்தைப் பார்த்து கன்ட்ரோலரில் கட்டுப்படுத்த வேண்டும். நிரம்பும் கட்டத்தில் ஈய-அமில பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். அது இலேசான வாயு. காற்றுத் துளை மேலே இருக்க வேண்டும். மூடிய அலமாரிக்குள் இன்வெர்ட்டரையும் இந்த பேட்டரியையும் சேர்த்து வைப்பது ஆபத்து. பழைய பேட்டரி மூன்றோடு புதியது ஒன்றைச் சேர்க்காதீர்கள். பழையவை முன்கூட்டியே நிரம்பி வடிவதால் புதியதும் ஓராண்டுக்குள் அவற்றைப் போலாகும்.

லித்தியத்துக்கு வேறு விதிகள். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். குளிர்ப் பிரதேசத்தில் அந்த வெப்பத்தில் சார்ஜை நிறுத்தும் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் செல்களைக் காக்கும் மின்னணு அமைப்பு) இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அடுத்து, இதன் வோல்டேஜ் பெரும்பகுதி நேரம் ஒரே மட்டத்தில் நிற்கும். 70 சதவீதத்தையும் 40 சதவீதத்தையும் வோல்ட் மீட்டரால் பிரித்தறிவது கடினம். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணும் ஷன்ட் மீட்டர் வைத்தால்தான் இருப்பு தெரியும்.

## இன்வெர்ட்டர்

மேலே உள்ள கருவிகள் எல்லாம் ஒன்றாக ஓடினாலும் 460 வாட் அளவே. ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் ஓடும்போது 150 வாட், கிளம்பும் நொடியில் அதைப்போல ஆறு மடங்கு வரை இழுக்கலாம். 1,500 வாட் சுத்த சைன் அலை இன்வெர்ட்டர் போதுமானது. ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் சேர்ந்தால் கதை மாறிவிடும்: ஓடும்போது சுமார் 1,100 வாட், கிளம்பும்போது மூன்று முதல் ஐந்து மடங்கு. 3,000 வாட் தொடர்ந்தும் 6,000 வாட் சில நொடியும் தாங்கும் இன்வெர்ட்டர் வேண்டும். “எதற்கும் இருக்கட்டும்” என்று பெரிதாக வாங்கினால் அதன் சொந்தப் பசியும் பெரிதாக இருக்கும். அந்த ஏழாவது வரியைத் திருத்திவிட்டு முழுக் கணக்கையும் மறுபடி போட வேண்டும்.

## ஒயர், ஃபியூஸ், டிசி நெருப்பு

3,000 வாட் இன்வெர்ட்டர், தன் இழப்பையும் சேர்த்து, 48 வோல்ட் பேட்டரியிலிருந்து 68 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட் என்றால் 272. ஒயரில் எழும் வெப்பம் கரண்டின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், நாலு மடங்கு கரண்டுக்கு அதே ஒயரில் 16 மடங்கு வெப்பம். வீட்டு அளவுக்கு 48 வோல்ட் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

பேனலிலிருந்து கன்ட்ரோலர் 15 மீட்டர் தள்ளியிருந்தால், போக வர 30 மீட்டர். செம்பில் 4 சதுர மில்லிமீட்டர் ஒயருக்குத் தடை 0.0175 × 30 ÷ 4 = 0.131 ஓம். இரு ஜோடியும் சேர்ந்து தரும் 21.7 ஆம்பியரில் 2.85 வோல்ட் போகும். ஒரு ஜோடியின் 83 வோல்ட்டில் அது 3.4 சதவீதம். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் 2.3 சதவீதம். இந்தத் தூரத்துக்கு ஆறுதான் சரி. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே 25 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு, கூடிய மட்டும் குட்டையாக.

ஃபியூஸ் காப்பது கருவியை அல்ல, ஒயரை. 68-ஐ 1.25-ஆல் பெருக்கினால் 85. அடுத்து வரும் அளவு 100 ஆம்பியர். அதை பேட்டரி முனைக்கு மிக அருகில் வையுங்கள். முனைக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட ஒயருக்குக் காவலே இல்லை. இங்கே இன்னோர் எண்ணும் முக்கியம். ஷார்ட் ஆனால் லித்தியம் பேட்டரி ஆயிரக்கணக்கான ஆம்பியர் கொடுக்கும். மலிவான ஃபியூஸ் உருகினாலும், உருகிய இடத்தில் மின்வில் (இடைவெளியைத் தாண்டிப் பாயும் பொறி) தொடர்ந்து எரிந்துகொண்டிருக்கும். கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் 20,000 ஆம்பியர் வரை அறுக்கும் திறனுள்ளது. லித்தியத்துக்கு அதையே போடுங்கள்.

வீட்டு லைனில் வரும் ஏசி (திசை மாறிக்கொண்டே இருக்கும்) மின்சாரம், 50 ஹெர்ட்ஸில், நொடிக்கு 100 தடவை சுழியைத் தொடுகிறது. அதனால் சுவிட்சில் எழும் பொறி தானாக அணைகிறது. பேனலும் பேட்டரியும் தரும் டிசிக்கு (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) அந்த இடைவெளி கிடையாது. வீட்டு ஏசி பிரேக்கரை பேனல் லைனில் போட்டால், அணைத்த பிறகும் அதற்குள் பொறி எரிந்து பெட்டியே உருகலாம். டிசி என்று குறித்த பிரேக்கரிலும் சிலவற்றுக்கு கூட்டல் கழித்தல் முனை உண்டு. திருப்பி மாட்டினால் ஏசி பிரேக்கரைவிட மோசம். பேனலின் எம்சி4 இணைப்பியை வெயிலில், லோடு ஓடும்போது இழுத்துக் கழற்றாதீர்கள். ஒரு தயாரிப்பாளரின் ஆண் முனையை இன்னொருவரின் பெண் முனையில் செருகுவதும் வேண்டாம். பொருந்துவது போலத் தெரியும், உள்ளே தொடுகை சரியாக இல்லாமல் சில மாதத்தில் கருகும்.

பேனல் சட்டம், தாங்கி, இன்வெர்ட்டர் உடல் எல்லாவற்றையும் ஒரே எர்த்தில் சேர்க்க வேண்டும். இன்வெர்ட்டர் வெளியீட்டில் நியூட்ரல் ஒரே ஓர் இடத்தில் எர்த்தோடு இணைந்திருக்கிறதா என்பதை எலெக்ட்ரீஷியனிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த இணைப்பு இல்லாவிட்டால் ஷாக் அடிக்கும்போது ஆர்சிடி (மின்கசிவு கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்) விழாது. இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த ஒயரால் வீட்டுச் சாக்கெட் வழியே இன்வெர்ட்டரைக் கொடுப்பது உயிர் போகும் காரியம். லைனும் இன்வெர்ட்டரும் ஒரே நேரத்தில் சேரவே முடியாத சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம்.

## கூரை

பேனல் பூமத்திய ரேகையை நோக்கிப் பார்க்க வேண்டும், சாய்வு ஏறக்குறைய அந்த இடத்தின் அட்சரேகை அளவு. 10 டிகிரிக்குக் குறைந்தால் மழை தூசியைக் கழுவாது. சில டிகிரி தவறினால் பெரிய நஷ்டம் இல்லை.

காற்று அப்படியல்ல. மணிக்கு 144 கிலோமீட்டர் புயலில் ஒரு சதுர மீட்டர் மேல் சுமார் 960 நியூட்டன் அழுத்தம். 2.2 சதுர மீட்டர் பேனலில் அது ஏறக்குறைய 215 கிலோ எடைக்குச் சமம். பேனலின் எடையோ 25 கிலோவுக்குள். சாய்த்து வைத்த பேனலின் அடியில் காற்று புகுந்தால் அது மேல்நோக்கித் தூக்கும். நான்கு செங்கல்லை வைத்து அழுத்தியிருக்கும் தாங்கி பறந்துபோய் அடுத்த வீட்டில் விழும். கான்கிரீட்டில் வேதி நங்கூரமோ (பசையால் துளைக்குள் ஒட்டிப் பிடிக்கும் போல்ட்) விரிவு போல்ட்டோ போட்டு இறுக்குங்கள், துளைகளில் நீர் இறங்காதபடி அடையுங்கள்.

## முதல் முறை ஆன் செய்யும் வரிசை

1. ஒவ்வொரு பேனல் ஜோடியின் வோல்டேஜையும் முனையையும் மல்டிமீட்டரில் பாருங்கள். நம் உதாரணத்தில் 90 முதல் 100-க்குள் வர வேண்டும். 50 வந்தால் தொடர் இணைப்பு பக்கமாகிவிட்டது. கழித்தல் குறி வந்தால் ஒயர் மாறியிருக்கிறது.
2. பேட்டரியை கன்ட்ரோலரில் முதலில் இணையுங்கள். எத்தனை வோல்ட் அமைப்பு என்பதைப் பல கன்ட்ரோலர்கள் பேட்டரியைப் பார்த்தே தெரிந்துகொள்கின்றன.
3. பேட்டரி வகையை, சார்ஜ் வோல்டேஜை கன்ட்ரோலரில் அமையுங்கள். ஈய-அமிலத்துக்கான சமநிலைச் சார்ஜ் (ஈக்வலைஸ்) லித்தியத்தில் அணைந்திருக்க வேண்டும்.
4. இன்வெர்ட்டரை நேரடியாக இணைத்தால் அதன் கெபாசிட்டர்கள் ஒரே பாய்ச்சலில் நிரம்பிப் பெரும் பொறி வரும், பிஎம்எஸ் வெட்டிவிடவும் கூடும். ஒரு மின்தடை வழியாகச் சில நொடி நிரப்பிவிட்டு முழு இணைப்பைக் கொடுங்கள்.
5. பேனல் பிரேக்கர் கடைசியாக. அணைக்கும்போது இது முதலில்.
6. ஒரு விளக்கிலிருந்து தொடங்கி, லோடைப் படிப்படியாக ஏற்றுங்கள்.
7. முழு லோடில் ஒரு மணி நேரம் ஓடியதும் ஒவ்வொரு லக்கையும் (ஒயர் முனையில் பொருத்திய உலோக இணைப்பு) அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து பாருங்கள். ஒரே கரண்ட் ஓடும் இரண்டு லக்குகளில் ஒன்று மற்றதைவிட 10 டிகிரி சூடாக இருந்தால், அது தளர்வாக இருக்கிறது அல்லது கிரிம்ப் (லக்கை ஒயரோடு நசுக்கிப் பிடிப்பது) சரியாக விழவில்லை. அணைத்துவிட்டுச் சரிசெய்யுங்கள். ஒரு மாதம் கழித்து இதே அளவை மறுபடி எடுங்கள். வெப்பத்தில் விரிந்து சுருங்கி, புதிய போல்ட்டுகள் முதல் மாதத்தில்தான் அதிகம் தளரும்.